இரண்டு நட்சத்திர வாசகி

பத்மஜா ஜகதீசன் ஒன்பது காதல் நாவல்கள் எழுதியிருந்தாள். ஒன்பதிலும் நாயகன் ஆறடிக்குக் குறையவில்லை. ஒருத்தனுக்கும் தொப்பை கிடையாது. வேலைக்குப் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நாயகியைப் பார்த்துக்கொண்டே நின்றான். வேலைக்குப் போகிற நேரம் என்று ஒன்று இருந்த மாதிரியும் தெரியவில்லை. இதில் பத்மஜாவுக்கு வெட்கம் ஒன்றுமில்லை. பகலெல்லாம் பாதுகாப்புத் துறை அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பயணப்படி பில்களோடும் அவற்றைக் கொண்டுவருகிற ஆசாமிகளோடும் மல்லாடிவிட்டு சிகந்திராபாத் பக்கத்து அல்வாலுக்குத் திரும்புகிறவள், சாயங்காலமும் தொப்பைக்காரர்களைப் பற்றியே எழுத வேண்டுமா?

எழுதுவது சுலபம். விற்பதுதான் உயிர் போகிற வேலை. பதிப்பகம் என்று யாரும் இல்லை. அவளே எழுதி, அவளே பிழை பார்த்து, அவளே மின்னூலாக ஏற்றி, அவளே ஊருக்குச் சொல்ல வேண்டும். அட்டைப்படத்தை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்தால், தமிழ் படிக்கத் தெரியாத அலுவலகக்காரர்கள், "மேடம், பொண்ணுக்குக் கல்யாணமா?" என்று விசாரித்தார்கள். புக்மார்க் அச்சடித்துப் பொங்கல் விழாவில் விநியோகித்தாள். வடைக்கு அடியில் வைத்துக்கொள்ள ரொம்ப வசதியாக இருந்தது என்றார்கள். வாசகர் போட்டி ஒன்று வைத்தாள். கலந்துகொண்ட ஒரே ஆள் அவள் நாத்தனார். ஜெயித்ததும் அவளே. "பரிசு புக்குதானா?" என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்தாள்.

விளம்பரத்துக்கெல்லாம் மகள் ஹம்ஸினிதான் பொறுப்பு. அவளுக்குத் தமிழ் புரியும், படிக்க வராது. அம்மா எழுதியதில் ஒரு வரிகூடப் படிக்காமல் ஒன்பது நாவலுக்கும் அவள் திட்டம் போட்டுக் கொடுத்தாள்.

"அம்மா, உனக்கு எங்கேஜ்மென்ட் பத்தலை."

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே ஆச்சேடி, உங்க அப்பாவோட."

"அய்யோ, ரீடர்ஸோட! ரீல்ஸ் போடு."

மொட்டை மாடியில் துப்பட்டா பறக்க நின்று பத்மஜா தன் வசனங்களைத் தானே பேசி வீடியோ எடுத்தாள். 'உன் மௌனம்கூட என் பெயரைத்தான் சொல்கிறது' என்று ஆரம்பித்தபோதெல்லாம் தலைக்கு மேலே பயிற்சி விமானம் போனது. அப்படியும் சிலர் பார்த்தார்கள். 'சூப்பர் சிஸ்', 'நைஸ் சிஸ்', 'வெயிட்டிங் சிஸ்' என்று எழுதினார்கள். அவர்களில் யாரும் புத்தகத்தைத் திறந்த மாதிரி தெரியவில்லை.

திறந்த ஒரே ஆள், ஊரின் இன்னொரு கோடியில், உப்பலில் இருக்கிற பாமா. ஒவ்வொரு நாவலையும் கடைசிப் பக்கம் வரை படித்து, இரண்டு நட்சத்திரம் போட்டு, நீளமாக விமர்சனம் எழுதுவாள். கொங்கு நாட்டு மரியாதை மட்டும் ஒரு வரியிலும் குறையாது.

'நாயகர் இருதய அறுவை சிகிச்சை நிபுணருங்க. காலையில லிஃப்ட் பக்கம் நிக்கறார், மதியம் கேன்டீன் பக்கம் நிக்கறார், சாயங்காலம் பார்க்கிங்ல நிக்கறார். பேஷன்ட்டுங்க கதி என்னங்க?'

அடுத்த நாவலுக்கு: 'இவரும் விடிய விடிய மழையில நனையறாருங்க. இவருக்கும் ஜலதோஷம் பிடிக்கலை.'

பத்மஜா கொதித்தாள். குளிக்கும்போதும் குக்கர் வைக்கும்போதும் பாமாவுக்குப் பதில் தயாரித்தாள். ஒன்றையும் அனுப்பவில்லை. வாசகரிடம் சண்டைக்குப் போகக் கூடாது என்பது ஹம்ஸினியின் உத்தரவு. கணவர் ஜகதீசன் அவளுடைய நாவல் எதையும் படித்ததில்லை. பாமாவின் விமர்சனங்களை மட்டும் ஒன்று விடாமல் படித்து, சோபாவில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்பதாவது நாவலுக்காக பத்மஜா லைவில் உட்கார்ந்தாள். பட்டுப்புடவை, பின்னால் மகள் தொங்கவிட்ட சீரியல் பல்பு. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். பேச ஆரம்பித்துச் சற்று நேரத்தில் கீழே ஒரு வரி ஓடியது: 'வணக்கமுங்க. இந்த நாயகராவது ஏதாச்சும் வேலைக்குப் போறாருங்களா?'

உத்தரவு காற்றில் பறந்தது. "பாமா அவர்களே! முகத்தைக் காட்டாம எழுதறது ரொம்ப சுலபம். தைரியம் இருந்தா நேர்ல வந்து பேசுங்க!"

ஹம்ஸினி ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினாள். திரையின் மறுபாதியில் மூக்குக் கண்ணாடி போட்ட, ஐம்பது தாண்டிய ஒரு பெண்மணி தோன்றினாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வணக்கமுங்க. நல்லாருக்கீங்களா?"

"எனக்கு எதுக்கு ரெண்டு ஸ்டார் போடறீங்க?"

"ஒண்ணு போட்டா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதானுங்க."

பத்மஜாவுடையது மூன்று தலைமுறையாக சிகந்திராபாத்தில் இருக்கிற குடும்பம். கோபம் வந்தால் தமிழ் மட்டும் போதாது, ஹைதராபாத் உருதுவும் வேண்டும். "ரொமான்ஸ் நக்கோ, வேண்டாம்னா விட்டுடுங்களேன்! கைக்கு, எதுக்குப் படிக்கறீங்க?"

"நானுங்க, இங்க ஒரு கம்பெனில குவாலிட்டி செக்கிங்ல இருக்கறனுங்க. பேரிங் பாக்கற வேலை. சரியில்லைன்னா திருப்பி அனுப்பணும். அதுக்குன்னு பேரிங்கே வேண்டாம்னு ஆயிடுமுங்களா? அடுத்தது நல்லா இருக்கும்னுதான் கையில எடுக்கறது."

ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. பாமா குரலை உயர்த்தவே இல்லை. பத்மஜா இறக்கவே இல்லை. லைவ் முடிந்தபோது பார்வையாளர்கள் பல மடங்கு ஆகியிருந்தார்கள். யாரோ அந்த 'ஒண்ணு போட்டா' துண்டை வெட்டி ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அது 'ஞாயிறு சண்டை' ஆகிவிட்டது. பாமா கட்சி, பத்மஜா கட்சி என்று வாசகிகள் பிரிந்தார்கள். பாமா சொன்னது நிஜம்தானா என்று பார்ப்பதற்காகவே பழைய நாவல்களையெல்லாம் வாங்கினார்கள். மழைக் காட்சி வருகிற பக்கங்களைப் படம் பிடித்துப் போட்டார்கள். பத்து வருஷமாக இலக்கியத்துக்குக் கிடைக்காத மரியாதை, திட்டு வாங்கியதற்குக் கிடைத்தது. பத்மஜா சனிக்கிழமைகளில் கண்ணாடி முன்னால் நின்று பதிலடி ஒத்திகை பார்த்தாள். பாமாவுக்கு ஒத்திகை கிடையாது, விளம்பரம் என்ற நினைப்பே கிடையாது. வாரா வாரம் காய்கறியோடு வந்து உண்மையாகவே குறை சொல்லிவிட்டுப் போனாள்.

இதற்கிடையில் பத்மஜா பத்தாவது நாவலை எழுதி முடித்தாள். பாமா சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று யாரும் கேட்காமலேயே வீட்டில் எல்லாரிடமும் சொன்னாள். நாயகன் பட்டான்செருவில் மருந்துக் கம்பெனி சூப்பர்வைசர். குள்ளம். தொப்பை உண்டு. அதே கம்பெனிப் பெண் ஒருத்தியோடு தினமும் ஒரே ஷேர் ஆட்டோவில் வருகிறான். கடைசி அத்தியாயத்தில் அவள் இறங்கி, திரும்பிப் பார்க்கிறாள். அவன் இறங்கவில்லை. ஆட்டோ போய்விடுகிறது. அவ்வளவுதான் கதை.

அப்படி முடித்ததற்குக் காரணம் ரொம்ப எளிமையானது. அவன் இறங்கியிருந்தால் ஏதாவது பேச வேண்டும். என்ன பேசுவான் என்று ஒரு வாரம் யோசித்தும் பத்மஜாவுக்குத் தோன்றவில்லை. 'முற்றும்' போட்டுவிட்டாள்.

ஹம்ஸினி அதை இந்தத் தடவை அச்சிலும் போட்டு, முன்கூட்டியே பாமாவுக்கு ஒரு பிரதி அனுப்பி, வெளியீட்டுக்கு சிகந்திராபாத்தில் ஒரு ஹால் பிடித்தாள். 'பாமா – பத்மஜா: முதல்முறையாக நேருக்கு நேர்' என்று போஸ்டர் போட்டாள். கூட்டம் நிஜமாகவே வந்தது. பட்டான்செருவிலிருந்து ஒரு பெண்கள் பட்டாளம் பஸ் பிடித்து வந்து முன்வரிசையைப் பிடித்தது. பாமா திரையில் தெரிந்ததைவிடச் சின்ன உருவமாக இருந்தாள். பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்ட புத்தகத்தை மார்போடு வைத்துக்கொண்டு மேடை ஏறினாள். யாரோ விசில் அடித்தார்கள்.

பாமா மைக்கைப் பிடித்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள்.

"நல்லாருக்குதுங்க" என்றாள்.

ஹால் காத்திருந்தது.

"அவ்வளவுதானுங்க. சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். கண்ணையும் சேர்த்துத்தான் துடைத்தாள்.

பத்து நாவலுக்கு முதல் பாராட்டு. பத்மஜா அதை ருசிப்பதற்குள் முன்வரிசையில் ஒருத்தி எழுந்து, "மேட்ச் ஃபிக்ஸிங்!" என்று கத்திவிட்டாள். "பேசி வெச்சுக்கிட்டு வந்திருக்காங்க" என்றது பின்வரிசை. நாற்காலிகள் நகர்ந்தன. ஓரத்திலிருந்து ஹம்ஸினி, ஏதாவது செய் என்று இரண்டு கையாலும் ஜாடை காட்டினாள்.

பத்மஜா மைக்கைப் பிடுங்கினாள். "என்ன நல்லா இருக்கு? ஹீரோவுக்குத் தொப்பை!"

பாமா திகைத்தாள். "இருந்தா என்னங்க? வீட்டுக்கு வீடு இருக்குது."

சிரிப்பு எழுந்தது. நகர்ந்த நாற்காலிகள் நின்றன. பத்மஜாவுக்குத் தெம்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மனப்பாடமான பாமாவின் பேச்சையே எடுத்துத் தன் புத்தகத்தின் மேல் வீச ஆரம்பித்தாள். "முழு நாவல்ல ஒரு தடவைகூட அவன் காதல்னு சொல்லலை. இது ரொமான்ஸா?"

"தினம் வெயில் அடிக்கற பக்கம் அவரு போய் உக்காந்துக்கறாரே, அது என்னங்க பின்ன?"

"அதை யார் கவனிப்பாங்க?"

"அந்தப் பொண்ணு கவனிக்குதுங்களே! நாப்பதாம் பக்கத்துல துப்பட்டாவைத் தலையிலேருந்து எடுத்துடறா, படிக்கலீங்களா?"

பத்மஜா படித்ததில்லை, எழுதியிருக்கிறாள். துப்பட்டாவை எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் வேகத்தை நிறுத்த முடியவில்லை. "சரி, கடைசில அந்த ஆள் இறங்கக்கூட இல்லை. உண்மையைச் சொல்லட்டுமா? எழுதினவளுக்கு முடிக்கத் தெரியலை!"

அன்றைக்கு அவள் பேசியதில் நூற்றுக்கு நூறு சத்தியம் அது ஒன்றுதான்.

பாமாவின் முகம் சிவந்தது. இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவள் பேச்சிலிருந்து 'ங்க' உதிர்ந்தது. "யாரு சொன்னா முடிக்கத் தெரியலைன்னு? இறங்குனா அவன் கேட்டாகணும். கேட்டா அவ பதில் சொல்லியாகணும். மாட்டேன்னுட்டா நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அதே ஆட்டோல ஏறுவான்? இறங்காம இருந்தா நாளைக்கும் அவ பக்கத்துல உக்காரலாம். அதுக்குத்தான் இறங்கலை. பயந்தாங்கொள்ளிதான். ஆனா அந்தப் பயம் எப்படின்னு உனக்குத் தெரியுமா?"

பத்மஜா மைக்கை மேஜைமேல் வைத்தாள். தன் நாவல் தன்னைவிட புத்திசாலி என்று ஒரு ஹால் நிறையப் பேருக்கு முன்னால் தெரிந்துகொள்வது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கூச்சத்தோடு, அழுகை மாதிரியும் சிரிப்பு மாதிரியும் ஒன்று வந்தது. கூட்டம் எழுந்து கைதட்டியது. பாமாவுக்குத்தான்.

கொண்டுவந்த பிரதிகள் பெரும்பாலும் போய்விட்டன. கையெழுத்து வாங்க வந்த பட்டான்செருப் பெண் ஒருத்தி பத்மஜாவின் தோளைத் தட்டி, "கவலைப்படாதீங்க சிஸ். அந்த அம்மா ரொம்ப ஸ்ட்ராங். அடுத்த தடவை நீங்க ஜெயிச்சிடுவீங்க" என்று தேற்றினாள். பத்மஜா தலையாட்டி வைத்தாள்.

வெளியே வந்தபோது பாமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெட்ரோவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "மன்னிச்சுக்குங்க. நீ வா போன்னு பேசிப்போட்டேன்."

"பரவாயில்லை. நானும் அந்தப் பக்கம்தான் வரேன்" என்றாள் பத்மஜா.

அல்வால் ஒரு பக்கம், உப்பல் இன்னொரு பக்கம். "அம்மா, இங்க எதுக்கு ஏறற?" என்று கேட்ட ஹம்ஸினியை ஆட்டோவில் அனுப்பிவிட்டு பத்மஜா மெட்ரோ படியேறினாள். வழியில் பாமா புத்தகத்தைப் பற்றி இன்னும் இரண்டு நல்ல வார்த்தை சொல்லுவாள் என்ற நப்பாசை, வேறொன்றுமில்லை.

பாமா சொல்லவில்லை. கம்பெனிக்கு வந்திருக்கிற புது மெஷினைப் பற்றிச் சொன்னாள். முழங்கால் வலிக்கு எந்தத் தைலமும் கேட்கவில்லை என்றாள். பக்கத்து ஃபிளாட்காரர்கள் தண்ணீரைத் திறந்துவிட்டு ஊருக்குப் போன கதையைச் சொன்னாள். கதை நன்றாகவே இருந்தது. பத்மஜா காதலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாத அந்தப் பேச்சை உப்பல் வரைக்கும் கேட்டுக்கொண்டே போனாள்.

ஸ்டேஷன் படியிறங்கியதும் பாமா நின்றாள். "உங்க வீடு எங்கீங்க இங்க?"

"அல்வால்."

பாமா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரசமும் பீன்ஸ் பொரியலும்தானுங்க இருக்குது. வாங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்."

பத்மஜா போனாள்.