அப்பளத்துக்கு மேலே நின்ற பொருள்

கல்லிடைக்குறிச்சியில் ஆவுடையம்மாள் வீட்டு மொட்டைமாடிக்கு நேர் மேலே, அடையாளம் தெரியாத பறக்கும் பொருள் ஒன்று சில நாட்களாக நின்றுகொண்டிருந்தது. இன்னதுதான் என்று ராணுவம் வந்து விளக்கம் சொல்லும்வரை அப்படிப்பட்டவை நகர்வதில்லை. சொன்னதும், என்ன சொன்னார்களோ அதுவாகவே மாறித் தம் வழியே போய்விடும்.

நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும், ஆவுடையம்மாளுக்கு அதில் வருத்தமில்லை. அதன் நிழல்தான் ஜமுக்காளம் விரித்த மாதிரி மாடி முழுக்கக் கிடந்தது. நாளைக்குச் சன்னதித் தெருவில் கல்யாணம். மாமியாரோடு மல்லுக்கட்டித் தனியாக அப்பளத் தொழில் தொடங்கியவளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். இன்றைக்கு அப்பளம் காயாவிட்டால் பூசணம் பூக்கும், மாமியார் மனம் பூரிக்கும்.

காலையில் ராணுவத்திலிருந்து சுபேதார் வேதநாயகம் ஜீப்பில் வந்து இறங்கினார். மாடியேறி, அண்ணாந்து பார்த்து, செருமிக்கொண்டார்.

"வெள்ளிக் கிரகம்னு முடிச்சிருவோமாம்மா? நெறைய பேர் அதைத்தான் விரும்பிக் கேக்காங்க."

"பொழுது சாஞ்சப்புறம்லா சார் அது அடையும்? அதுவரைக்கும் இங்கேயே நின்னா இன்னைக்கு வெயில் போயிருமே."

"அப்ப மேகம்?"

"பெஞ்சு தொலைச்சிட்டா?"

"கொக்குக் கூட்டம் சொல்லட்டா? நல்ல வெள்ளை."

"நல்லாருக்கு! அப்பளத்து மேல எச்சம் போடவா?"

ஜவுளிக்கடையில் முந்தானையைப் புரட்டிப் பார்த்து ஒதுக்குகிறவளைப் போல ஒவ்வொன்றையும் தள்ளினாள். வானிலை பலூனும் வேண்டாம், வெடித்து விழும். சுபேதார் சலித்துக்கொள்ளவில்லை. பார்த்தவர்கள் மனம் கோணாமல் விளக்கம் சொல்வதில் பெயரெடுத்தவர் அவர்.

"ஒங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

"வெயில் வேணும் சார்."

கொஞ்சம் யோசித்தார். "பொய்ச்சூரியன்னு ஒண்ணு உண்டு. சூரியனுக்குப் பக்கத்துல இன்னொரு சூரியன் மாதிரித் தெரியும். இயற்கைதான். இந்தப் பக்கம் யாரும் கேட்டதில்ல."

"சுடுமா?"

"சொல்லிட்டாச் சுடும்."

"அதையே சொல்லுங்க."

வாயருகே கைகளைக் குவித்து மேலே பார்த்து உரக்கச் சொன்னார். பொருள் மஞ்சளாகி, மெல்ல நகர்ந்து, சூரியனுக்குப் பக்கத்தில் போய் நின்றது. இரட்டை வெயிலில் அப்பளங்கள் மளமளவென்று காயத் தொடங்கின. ஆவுடையம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கீழே ஓடிப் போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

குடித்தபடியே சுபேதார் மறுபடியும் அண்ணாந்தார்.

"பக்கத்துல ஒண்ணு நிக்கே, பழசு. அது எப்பலேர்ந்து நிக்கி?"

"நான் பொறந்ததுலேர்ந்து நிக்கி சார்."

"யாராவது வந்து விளக்கம் சொன்னாங்களா?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் வரல."

சுபேதார் டம்ளரைக் கீழே வைத்தார். "கொக்குக் கூட்டம் மிச்சம் இருக்கு, அதையே சொல்லிருவோம்," என்றார்.

ஆவுடையம்மாள் குனிந்து அப்பளங்களைத் தொட்டுப் பார்த்தாள். கடைசி வரிசை மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. "இது மட்டும் காஞ்சிரட்டும் சார்," என்று அவள் சொல்வதற்குள் அவர் வாயருகே கைகளைக் குவித்துவிட்டார்.

பழைய சூரியன் கொக்குகளாகப் பிரிந்து தாமிரபரணிப் பக்கம் பறந்தது. எச்சம் ஒன்றும் விழவில்லை. ஒரே ஒரு கொக்கு மட்டும் பின்தங்கி, கடைசி வரிசைக்கு மேலே, அந்த அப்பளங்கள் கலகலவென்று காயும்வரை வெயிலடித்தபடி நின்றுவிட்டு, மற்றவற்றின் பின்னால் போயிற்று.