ஈரல் பொருந்தாத மகன்

கொரியாவின் தேகு நகரத்து ஆஸ்பத்திரியில், ஈரல் வார்டில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. அப்பாவுக்கு ஈரலில் பாதியை அறுத்துக் கொடுக்கப் பிள்ளை பயந்தால், டாக்டரிடம் தனியாகச் சொன்னால் போதும். "பொருந்தவில்லை" என்று அவரே வீட்டாரிடம் சொல்லிப் பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிவிடுவார். நல்ல ஏற்பாடுதான். உண்மையிலேயே பொருந்தாதவன் பாடுதான் திண்டாட்டம்.

உன்ஜே அப்படி மாட்டிக்கொண்டான். ஈரல் கெட்டுப் படுத்திருந்த அப்பாவுக்கு ஒரே மகன். பரிசோதனைக்கு அவனாகத்தான் போனான். டாக்டரம்மா பியோ கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"உங்க ரத்தத்துல ஒரு செல் தன்னையே நகல் எடுத்துட்டிருக்கு. இது புற்றுநோய் இல்ல, அதுக்கு முந்தின படி. நூறு பேர்ல வருஷத்துக்கு ஒருத்தருக்குத்தான் முத்தும். உங்க எதிர்ப்புச் சக்தி அத அடக்கி வச்சிருக்கு. ஆனா புது ஈரல உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு உங்கப்பாவோட எதிர்ப்புச் சக்திய நாங்களே மருந்து குடுத்துக் குறைக்கணும். காவல் இல்லாத வீட்டுக்குள்ள இதையும் சேத்து அனுப்ப முடியாதுங்க."

மருந்து உண்டா என்று கேட்டான். இல்லையாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம். நோயாளி என்று படுக்கவும் முடியாது, நல்லாயிருக்கிறேன் என்று நடக்கவும் முடியாது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டான். அம்மா போனது ரத்தப் புற்றுநோயில். அந்தப் பேச்சு காதில் விழுந்தாலே அப்பா தன் வைத்தியத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

அப்புறம் என்ன, டாக்டர் வீட்டாரிடம் "பொருந்தவில்லை" என்று மட்டும் சொன்னார். இறந்தவர் யாருடைய ஈரலாவது கிடைக்காதா என்று அப்பாவின் பெயரைப் பதிந்து வைத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்குக் கல்லூரியில் படிக்கிற மகளே ஈரல் கொடுத்திருந்தாள். அவளுக்குப் பேரிக்காய் நறுக்கிக் கொடுத்தபடியே, அப்பாவைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த அத்தை தொக்சுன் ஆரம்பித்தாள்.

"இந்தப் பொண்ணுக்குப் பொருந்துது. எங்க வீட்டுச் சிங்கத்துக்குத்தான் பொருந்தல. ஈரல் பொருந்தலயா, தைரியம் பொருந்தலயாடா?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். திருடாதவனையே கொட்டியிருந்தது. உன்ஜே தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வெளியே போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதான். வாயைத் திறந்தால் அப்பா போய்விடுவார். மூடினால் கோழைப் பட்டம்.

அத்தை ஊருக்குப் பஸ் ஏறிய பிறகு அப்பா அவனைக் கட்டிலருகே கூப்பிட்டார். கண்ணெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது.

"அவ பேசுறத மனசுல வச்சுக்காதடா. ஒன்னைக் கழிச்சு விடச் சொல்லி டாக்டரம்மாகிட்ட கெஞ்சுனதே நான்தான். அந்தம்மா பதிலே சொல்லல, ஆனா காரியத்த முடிச்சுட்டாங்க."

உன்ஜே அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தான்.

"அம்மாவத்தான் காப்பாத்த முடியல. ஒன்னையாவது காப்பாத்திட்டேன். ஒடம்புல ஒரு கொறையும் இல்லாம நிக்கிற பாரு, எனக்கு அது போதும். நல்லாத்தான இருக்க?"

"நல்லா இருக்கேம்பா."

பல நாளாகச் சாப்பாட்டைத் தள்ளிவந்த மனிதர் அன்றைக்குக் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தார். உன்ஜே கரண்டி கரண்டியாக ஊட்டினான். தன் ரத்தத்தில் இருப்பதை இனி எந்தக் காலத்திலும் அவரிடம் சொல்ல முடியாது.