ஆற்றோடு வந்த வயல்

1723-ஆம் வருஷம் வசந்தத்தில், அப்பொலோனியா ரைஷெர்ட் என்ற விதவையின் மூன்று ஏக்கர் கோதுமை வயல், முழங்கால் உயரப் பயிரோடும் மரவேலியோடும் ஸஸ்குவஹானா ஆற்றில் இருநூற்றைம்பது மைல் தெற்கே மிதந்து வந்தது. அந்த வருஷம் உப்பு கிடைப்பது கஷ்டமாக இருந்தது, ஆற்றில் தண்ணீர் சுமார்தான். வயல் வந்ததைப் பற்றி எங்கள் ஊரில் இன்றுவரை யாரும் சண்டை போட்டதில்லை. சண்டையெல்லாம் வேலியில் அப்போதே கதவு இருந்ததா, பிறகு வைத்ததா என்பதில்தான். கதவு பிறகு வைத்தது. எங்கள் தாத்தாதான் வைத்தார்.

அப்பொலோனியாவை ஊரில் லோனி என்பார்கள். ஜெர்மன் தேசத்து ரைன் நதிக்கரைக்காரி. பீப்பாய்க்குள் திராட்சை ரசம் உறைந்து, பறவைகள் பறக்கும்போதே விறைத்து விழுந்த 1709 குளிருக்குப் பிறகு எங்கள் ஜனங்கள் ஊர் ஊராகக் கிளம்பியபோது, அவளும் கிளம்பினாள். கூடவே புருஷன் தேபுஸ், இரண்டு பையன்கள், ஒரு பெண். லண்டனில் ஒரு குளிர்காலம் கூடாரத்தில் கழிந்தது. பிறகு கப்பல். கப்பலில் காய்ச்சல். தேபுஸைப் பாய்த்துணியில் சுற்றிக் கடலில் இறக்கினார்கள். அவனுடைய கம்பளித் தொப்பி மட்டும் லோனியிடம் மிஞ்சியது. நியூயார்க்கில் இறங்கியதும், கப்பல் கூலிக்கு ஈடாக ஹட்சன் நதிக்கரையில் பைன் மரத்தைக் கீறித் தார் எடுக்கும் முகாமில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதற்கு ஒரு பத்திரம் உண்டு. இங்கிலீஷில் வாசித்தார்கள், நாங்கள் தலையை ஆட்டினோம். அந்தப் பைன் மரம் தார் கொடுக்கிற ஜாதியே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் லோனியின் பையன்கள் இருவரும் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். முகாமை விட்டுக் கிளம்பும்போது அவள் இரண்டு குழியிலிருந்தும் ஒவ்வொரு பிடி மண் எடுத்துப் புருஷன் தொப்பிக்குள் போட்டு, வாயைச் சுருக்கித் தைத்து எடுத்துக்கொண்டாள். மூன்று பேரும் ஒரு தொப்பிக்குள் அடங்கினார்கள்.

அதன் பிறகு அவள் ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதமாக இருந்தாள். போகிற இடமெல்லாம் ஒரு ஆளை விட்டுவிட்டு நடக்கும்படி ஆகிவிட்டது, இனி விட்டுவிட்டு நடக்க மாட்டேன். இதை அவள் அழுது சொல்லவில்லை. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே சொன்னாள் என்று அவள் மகள் ஒட்டிலியா எங்கள் வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

பனியில் நடந்து ஸ்கோகாரி பள்ளத்தாக்குக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது கையில் ஒன்றுமில்லை. அங்கே இருந்த மோஹாக் ஜனங்கள் சோளம் கொடுத்தார்கள். தரைக்குள் விளையும் கிழங்கு எங்கே இருக்கிறது, எந்தக் குச்சியால் தோண்டுவது என்று காட்டினார்கள். அவர்கள் அப்படிச் செய்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. செய்தார்கள். இதை எழுதுகிற நான் இருப்பது அதனால்தான். அந்த ஜனங்களிடம் வயல் என்பது பெண்கள் சமாசாரம். கொத்துகிறவளுக்கே வயல், அதில் ஆண்கள் வாய் திறப்பதில்லை. கனஸ்தாசி என்ற பெண்மணி தன் வகையறாவின் நிலத்தில் ஆற்றோரமாக ஒரு துண்டை லோனிக்குக் காட்டினாள். டச்சு பாதி, சைகை பாதியாக அவள் சொன்னது இதுதான்.

“ஏ தார்க்காரி, இது சும்மாதான் கெடக்கு. கொத்தித் தின்னு. கோடு போட்டு, என்னுது என்னுதுன்னு மட்டும் கத்தாதே. மண்ணு கோச்சுக்கும்.”

லோனி அதன் ஈசானிய மூலையில் தொப்பியைப் புதைத்து மேலே ஒரு காட்டுப் பிளம் செடி வைத்தாள். ஏர் கிடையாது. ஒன்பது வீடு சேர்ந்து ஒரு கிழட்டுச் சாம்பல் குதிரையை வாங்கினோம், வீட்டுக்கு ஒரு நாள் முறை. முறை வருகிற நாளில் மழை பெய்தால் பெய்ததுதான். ஆகவே கோதுமையைத் தோட்டத்துச் செடிபோல ஒவ்வொரு விதையாகக் குழி போட்டு, மண்வெட்டியால் மண் அணைத்து நட்டோம். ஒரு படிக்கு எண்பது படி கண்டது. அரைப்பதற்கு மூட்டையை முதுகில் சுமந்து இருபது மைல் நடந்தோம், ஆணும் பெண்ணுமாக. லோனி தினமும் காலையில் வேலியோரம் நின்று, சாப்பாட்டுக்கு முன் சொல்வதுபோல வயலுக்கு வாய்விட்டு நன்றி சொன்ன பிறகுதான் மண்வெட்டியைத் தொடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். அவளுடைய கதிர்களைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள்.

இப்போது எங்கள் தப்பைச் சொல்ல வேண்டும். இரண்டாம் வருஷம் ராஜ முத்திரை வைத்த பெட்டியோடு ஒருவர் ஊருக்குள் வந்து, அவரவர் நிலத்தின் எல்லையையும் பெயரையும் சொன்னால் போதும், இலவசமாகப் பட்டா தருகிறேன் என்று அறிவித்தார். இலவசம் என்றார், பத்திரம் என்றார், அதுவும் இங்கிலீஷில். கப்பலேறும்போதும் இதைத்தானே சொன்னார்கள்! எங்களுக்கு ரத்தம் கொதித்தது. பெண்கள்தான் முதலில் பாய்ந்தார்கள், அதில் முதல் ஆள் லோனி. அவரைக் காலைப் பிடித்து இழுத்துப் பன்றிக்குட்டையில் இரண்டு முறை உருட்டினாள். பாவம், நல்ல மனுஷர். தப்பியோடிய பிறகும் ஆள் அனுப்பினார். ஒரே ஒரு சோளக்கதிரை அடையாளமாகக் கொண்டுவந்து காட்டினாலும் பட்டா எழுதித் தருகிறேன் என்று. ஒருவரும் போகவில்லை. எங்களை ஏமாற்றாமல் காகிதம் கொடுக்க வந்த ஒரே மனுஷரை நாங்கள்தான் குட்டையில் உருட்டினோம். அவர் ஆல்பனி பட்டணத்துக்குப் போய் அந்தப் பள்ளத்தாக்கையே ஐந்து கனவான்களுக்கு விற்றுவிட்டார்.

கனவான்களின் ஆள் வந்து குத்தகைக்கு எடு, விலைக்கு வாங்கு, இல்லாவிட்டால் கிளம்பு என்றான். சிறை, கெஞ்சல், வழக்கு என்று சில வருஷம் ஓடிப்போயிற்று. கடைசியில் சிலர் குத்தகைக்கு ஒப்புக்கொண்டார்கள். லோனியும் வாய்க்கு வராத பணிவை வரவழைத்துக்கொண்டு போய்க் கேட்டாள். ராஜாவின் ஆளை உருட்டியவளுக்கு ஒரு சாண் நிலம்கூடக் கிடையாது என்று பதில் வந்தது. பென்சில்வேனியாவில் இடம் உண்டு என்று கேள்விப்பட்டு, முப்பத்துமூன்று குடும்பங்கள் கிளம்ப முடிவு செய்தன. லோனிக்கு வேறு வழியில்லை. கிளம்புகிறவர்களின் பட்டியலைக் கையில் வைத்திருந்த யோஸ்ட் என்ற பெரியவரிடம் போய் நின்றாள்.

“என்னாலதான் அண்ணே எல்லாருக்கும் இந்தக் கதி. அன்னைக்கு நான் கையை வைக்காம இருந்திருந்தா...”

“நீ மட்டுமா வச்சே? இந்தக் காலை நீ பிடிச்சே, அந்தக் காலை எம் பொண்டாட்டி பிடிச்சா. நான் பன்னியை ஓரமா ஓட்டிவிட்டேன். பேசாம மூட்டையைக் கட்டும்மா.”

மூட்டையைக் கட்டிவிடலாம். மூலையில் இருக்கிறவர்களை என்ன செய்வது? அவள் பிளம் மரத்தடியில் தோண்டிப் பார்த்தாள். பத்து வருஷத்தில் தொப்பி மக்கிப்போயிருந்தது. பிள்ளைகள் மண் எது, வயல் மண் எது என்று பிரிக்க முடியவில்லை. ஒட்டிலியா சொல்வாள், அம்மா அன்று பகல் முழுக்க இரண்டு கைகளிலும் மண்ணை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தாள் என்று. பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுப்பதுதான் முறை என்று இரண்டு ரொட்டியோடு கனஸ்தாசியிடம் போனாள்.

“வயலைத் திருப்பிக் குடுக்க வந்தேன்க்கா. பத்து வருஷம் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. ரொம்ப நன்றி. அந்த மூலையை மட்டும் யாரும் மிதிக்காம பாத்துக்கோங்க.”

கனஸ்தாசி ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

“எங்கிட்டக் குடுத்தா நாளைக்கே அந்த ஆல்பனிக்காரன் வந்து உக்காந்துக்குவான். அவனுக்கு மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு தெரியுமா? நான் உனக்குத்தான் குடுத்தேன். போகும்போது எடுத்துட்டுப் போ.”

“எப்படிக்கா எடுத்துட்டுப் போறது?”

“பத்து வருஷமா தினம் காலையில அதோட பேசுறியே. அதையே கேளு.”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். லோனி சிரிக்கவில்லை. வேலியோரம் போய் நின்று வழக்கம்போல நன்றி சொன்னாள். பிறகு, நாளை காலையில் கிளம்புகிறோம், வழி தெற்கே, வருவதானால் வா என்று சொன்னாள்.

ஸ்கோகாரி ஆறு வடக்கே ஓடுகிறது, நாங்கள் போக வேண்டியதோ தெற்கே. அதனால் மலையேறி இறங்கி ஸஸ்குவஹானா தொடங்கும் இடத்தில் முகாம் போட்டுத் தெப்பம் கட்டினோம். ஐந்தாம் நாள் நண்பகலில் மரங்களுக்கு நடுவே சரசரவென்று சத்தம் கேட்டது. கரடி என்று துப்பாக்கியை எடுத்தவர்கள் கீழே வைத்தார்கள். பச்சைப் பயிர் காற்றில் அசைய, வேலியை இழுத்துக்கொண்டு, பெரிய மரம் வந்தால் ஒதுங்கி வழிவிட்டபடி, வயல் இறங்கி வந்துகொண்டிருந்தது. வந்து தண்ணீரோரம் நின்றது. ஒரு மூலையில் பிளம் மரம் பூத்திருந்தது. யோஸ்ட் தொப்பியைக் கழற்றினார்.

“லோனி, பின்னால வந்து நிக்குதே, அது உன்னுதாம்மா?”

“எங்கூட வந்ததுதான் அண்ணே. எல்லாரும் அதையே மொறைச்சுப் பாக்காதீங்க, கூச்சப்படும்.”

அதன் பிறகு தெப்பங்கள் முன்னால், வயல் பின்னால். பாறை நிறைந்த திருப்பங்களில் அது எங்களைவிடப் பதவிசாக வந்தது. ஒட்டிலியா காலையில் தாவி ஏறிக் களை எடுத்துவிட்டு மாலையில் தெப்பத்துக்குத் திரும்புவாள். ஸ்வதாரா ஓடை ஆற்றில் சேருமிடத்தில் மற்றவர்கள் ஓடைக்குள் திரும்பினார்கள். ஓடை குறுகலானது, வயல் அதில் நுழையவில்லை. முகத்துவாரத்திலேயே நின்றுவிட்டது. லோனியும் குதிரையில் பங்கு வைத்திருந்த மற்ற எட்டு வீட்டுக்காரர்களும் அங்கேயே கரையில் தங்கினோம்.

அது லெனாப்பே ஜனங்களின் இடம். அவர்களிடமிருந்து யாரும் வாங்கியிருக்கவில்லை. யாரைக் கேட்டு வந்தீர்கள் என்று விசாரிக்க வந்தவர்கள் கேட்டபோது யோஸ்ட் தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் கரையில் குடிசை போட்டதற்கு இன்றும் என்னிடம் நல்ல பதில் கிடையாது. ஆனால் வயலைச் சுற்றிப் படகில் வந்து பார்த்துவிட்டு அவர்களில் மூத்தவர் சொன்னது, இது போன வருஷம் இங்கே இல்லை, அதனால் எங்களுடையது இல்லை என்பதுதான். யாரிடம் வாங்கினாய் என்று லோனியைக் கேட்டார். அவள் கனஸ்தாசியைப் பற்றிச் சொன்னாள். அவர் வெகுநேரம் சிரித்துவிட்டு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கோடையில் வயல் விளைந்தது. ஓடைக்குள் போனவர்களையும் சேர்த்து முப்பத்துமூன்று குடும்பங்கள் அதைத் தின்றன. எங்கள் ஜனங்கள் ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஒருவரும் பசியால் சாகாத முதல் குளிர்காலம் அது. சந்தோஷத்தில் பாஸ்டர் ஒரே பாட்டை மூன்று முறை பாட வைத்தார்.

வயல் இருந்த இடத்தில் ஆல்பனிக் கனவான்களுக்கு மிஞ்சியது மூன்று ஏக்கர் குட்டை. பட்டாவில் நிலம் என்று இருந்ததால் அதற்கும் வருஷா வருஷம் ராஜாவுக்கு வரி கட்டினார்கள். தவளை நன்றாகக் கத்தும் என்று அங்கேயே தங்கிவிட்டவர்கள் எழுதியிருந்தார்கள்.

நான்காம் வருஷம் கனஸ்தாசியே தன் தங்கையோடு படகில் வந்தாள். கரையில் இறங்காமல் நேராக வயலுக்குப் போனாள். வேலியோரமாக ஒரு சுற்று நடந்தாள், பிளம் மரத்தடியில் நின்றாள், குனிந்து மண்ணை எடுத்து முகர்ந்தாள். லோனி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பையன்கள் போனபோதுகூட அழாதவள் அவள்.

“எடுத்துட்டே வந்துட்டியா! நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்டி, தார்க்காரி.”

“சொன்னீங்கல்லக்கா. அது போதும்.”

“சரி சரி, அழாதே. தெக்கு ஓரத்துல என்ன இவ்ளோ களை?”

பத்து நாள் இருந்து இருவரும் சேர்ந்து களை எடுத்தார்கள். கனஸ்தாசி இருக்கும்வரை ஒவ்வொரு அறுவடைக்கும் முதல் மாவில் சுட்ட ரொட்டி வடக்கே போனது. இருநூற்றைம்பது மைல், ஆள் சுமந்து நடந்துதான். போய்ச் சேரும்போது கல்லாகிவிடும். அவள் சூப்பில் நனைத்துச் சாப்பிட்டாளாம்.

வயலுக்கு ஒரு குணம் உண்டு. வசந்தத்தில் மூட்டை முடிச்சோடு தெற்கே குடிபோகிறவர்களின் வண்டிகள் கரையோரம் போகும்போது அதுவும் கிளம்பப் பார்க்கும். அதனால் சணல் கயிறு திரித்துக் கரையில் இருந்த பெரிய மரத்தோடு கட்டினோம். கயிற்றை வருஷா வருஷம் மாற்ற வேண்டும். குதிரை செத்துப்போயிருந்ததால் சும்மா கிடந்த ஒன்பது வீட்டு முறை இதற்கு உதவியது. ஒட்டிலியா கல்யாணமாகி வர்ஜீனியாவுக்குப் போன வருஷம் வயல் இழுத்த இழுப்பில் மரமே சாய்ந்தது. லோனி மூலையில் உட்கார்ந்து, நாம் எங்கேயும் போகவில்லை, அவள்தான் போகிறாள், நல்லபடியாகப் போகட்டும் என்று சமாதானம் சொன்னாள்.

1752 அக்டோபரில், விதைத்து முடித்த மறுநாள் லோனி இறந்தாள். எங்கே அடக்கம் செய்வது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பிளம் மரத்தடியில் வைத்தோம். மறு வசந்தத்தில் ஆறு கரை புரண்டது. பாலம் போனது, இரண்டு மாட்டுக்கொட்டகை போனது, கயிறும் அறுந்து போனது. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால் வயல் இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு எத்தனையோ வண்டிகள் தெற்கே போய்விட்டன. அது ஒரு விரற்கடைகூட அசையவில்லை.

கயிறு இனித் தேவையில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வருஷா வருஷம் மாற்றுகிறோம். மாற்றுகிறவர் வேலியோரம் நின்று வாய்விட்டு நன்றி சொல்ல வேண்டும். இந்த வருஷம் எங்கள் வீட்டு முறை. செவ்வாய்க்கிழமை போய்ச் சொல்லிவிட்டு, புதுக் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தேன்.