‘காணாமற்போன’ என்ற ஒரு சொல்

1

இந்தக் கதை ஒரு பதற்றத்தில் பிறந்தது. டெக் என்ற மென்பொருளில் என் புத்தகத்தை அச்சுக்கோத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வாக்கியத்தை ஒருமுறை எழுதி, அதற்கொரு பெயர் வைத்துவிட்டால் போதும். அந்தப் பெயரைக் கூப்பிடும் இடமெல்லாம் வாக்கியம் வந்து நிற்கும். மாக்ரோ என்பார்கள். அப்படியொரு வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றினேன். புத்தகம் முழுக்க மாறிப்போயிற்று. அந்தப் பதற்றத்தை என் கதையில் வரும் டிலானியிடம் கொடுத்துவிட்டேன்.

2

கடல் அன்று மிகவும்

[வேண்டாம். கடலை விட்டுவிடுகிறேன்.]

டிலானி தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து சொந்த ஊரான வெள்ளாங்குளத்துக்குத் திரும்பியவள். முகாமில் இருந்தபோது பாடநூல் அச்சுக்கோக்கும் கம்பெனியொன்றில் டெக் படித்தவள். இப்போது மன்னாரில், பஸ்ரியனின் அச்சகத்தில் வேலை. ஊரிலேயே நின்றுவிட்ட அண்ணன் லோறன்ஸைப் பற்றிப் போருக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

காணாமற்போனவர்களுக்காகத் தேவாலயத்தில் வைக்கும் பூசைக்கு மன்றாட்டுப் புத்தகம் வேண்டுமென்று அவர்களின் உறவினர்கள் கேட்டார்கள். “ஆண்டவரே, காணாமற்போன லோறன்ஸ் உமது நினைவில் இருப்பாராக.” பெயரின் இடத்தை வெறுமையாக விட்டு, வாக்கியத்தை மாக்ரோ ஆக்கினாள். பெயர்களைக் கொடுத்தாள். நூற்றுக்கு மேற்பட்ட மன்றாட்டுகள் வரிசையாக வந்தன.

3

மறுநாள் சிவில் உடுப்பில் புலனாய்வாளர் இருவர் வந்தார்கள். பஸ்ரியன் கதிரை போட்டார். அவர்கள் அதில் அமரவில்லை.

“நங்கி, இது ஆர் அடிச்சது?” என்றான் மூத்தவன், தங்கை என்பதைச் சிங்களத்தில் சொல்லி.

“நான்தான், சேர்.”

“காணாமற்போன எண்டு வேண்டாம். இறந்த எண்டு போடுங்கோ. பூசைதானே.”

பஸ்ரியன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “மாத்திவிடு பிள்ளை. ஒரு சொல்தானே.”

[அவருக்கு மாக்ரோ தெரியாது. ஆனால் சரியாகத்தான் சொன்னார். ஒரே ஒரு சொல். அவள் விரலடியில் அத்தனை பேரும் ஒன்றாகச் சாவார்கள், அண்ணனும்.]

“ஒவ்வொண்டாத்தான் மாத்தவேணும், சேர். நாளைக்கு வாங்கோ.”

அதுவரை பேசாதிருந்த மற்றவன் திரைக்குக் குனிந்தான். விரலை அந்த வரியில் வைத்தான்.

“இஞ்ச ஒருக்காத்தானே எழுதியிருக்கு?”

 

4

முதல் முடிவில் அவள் மாற்றிவிட்டாள். அதை அழித்தேன். இரண்டாவதில் மறுத்தாள், பிறகு அவள் வீட்டுக்கு

[இதை முடிக்க எனக்குத் துணிவில்லை.]

நடந்தது இதுதான். டிலானி மாக்ரோவை அழித்தாள். முதற்பெயருக்குரிய வாக்கியத்தைக் கையால் அடிக்கத் தொடங்கினாள். “இறந்த” என்ற சொல்லுக்கு முன்னால் நிறுத்தி, திரும்பாமலே கேட்டாள்.

“இவர் எப்ப, எங்க செத்தவர் எண்டு சொல்லுங்கோ சேர். அதையும் போடவேணும். பிறகு மற்ற ஆக்களுக்கும் ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ.”

அவள் விரல்கள் விசைகளின் மேலேயே இருக்கின்றன. மூத்தவன் கதவைச் சாத்தப் போகிறான். பஸ்ரியன் வெளியே போய்விட்டார். அந்த இருவரைத் தவிர உள்ளே அவளோடு இருப்பது, வாசிக்கும் நீங்கள் மட்டுந்தான். கதவு இன்னும் முழுக்கச் சாத்தப்படவில்லை, நீங்களும் போய்விடலாம். போவீர்களா, நிற்பீர்களா என்று தெரியாமல் அடுத்த வரியை நான் எழுத முடியாது.