குருவுக்கு ஏறிய மருந்து

அனிஷாவின் மகளுக்கு வயிறு வற்றிக்கொண்டே வந்தது. குருவுக்கு வற்றவில்லை. குருவின் அம்மா பூவிழிக்குச் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே நோய். ஒருவகைக் கொழுப்பை உடைக்கும் நொதி பிறவியிலேயே சரியாகச் சுரக்காது. உடையாத கொழுப்பு மண்ணீரலில் தேங்கி வயிறு பானை மாதிரி வீங்கிவிடும். அந்த நொதியை ஆலையில், தொட்டிகளில் வளர்க்கும் உயிரணுக்களிலிருந்து எடுக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதை டிரிப்ஸில் ஏற்றவேண்டும். தர்மபுரி மருத்துவமனையில் இப்படிப்பட்ட இரண்டு மருந்துகளை ஒப்பிட்டு ஒரு சோதனை நடந்தது. ஒன்று வெளிநாட்டிலிருந்து வெகுகாலமாக வருவது. மற்றது இங்கேயே புதிதாகச் செய்தது. எந்தக் குழந்தைக்கு எது என்று யாருக்கும் சொல்லவில்லை.

"எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சா சோதனையே கெட்டுப்போயிடும்" என்றார் டாக்டர் சென்றாயன்.

வைத்தியம் பார்ப்பவருக்கே தெரியாது என்பதைப் பூவிழியால் நம்ப முடியவில்லை. நர்ஸ் பிளசி மருந்துப் பையைப் பழுப்பு உறையால் மூடிக்கொண்டு வருவதும் அவளுக்குப் பிடிக்கவில்லை. நல்ல மருந்தென்றால் எதற்கு மூடவேண்டும்? பிளசியும் அனிஷாவும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று தெரிந்ததும் மனசு இன்னும் கெட்டது.

"அக்கா, பாப்பாவுக்கு எந்த மருந்துன்னு சிஸ்டர் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று அனிஷாவிடம் கேட்டாள்.

"இல்லியே. ஏன், உனக்கு யாராச்சும் சொன்னாங்களா?" அனிஷா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அடுத்த முறை வந்தபோது தள்ளியிருந்த கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பூவிழி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு வெளிநாட்டு மருந்து. தன் பையனுக்குப் புது மருந்தோ, வெறும் தண்ணியோ.

அன்று மருந்து ஏறி முடிந்ததும் பிளசி குழாயைக் கழற்றிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனாள். பூவிழி காலிப் பையை எடுத்து, சாப்பாட்டுக் கூடையில் துண்டுக்கு அடியில் வைத்தாள். ஊருக்குத் திரும்பும் வழியில் அரூரில் பஸ் இறங்கியதும் குருவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனாள்.

அங்கிருந்த பச்சியப்பன் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் சில சொட்டுகள் மட்டும் நின்றன.

"இதப் பாக்கற மெஷின் இங்க இல்லீங்க. நாங்க சக்கர, உப்புதான் பாப்போம்."

"பாத்தா எப்படித் தெரியுதுங்க?"

"பாத்தா தண்ணியாட்டந்தான் தெரியுது."

அது போதுமாயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் கணவன் முருகேஷிடம், "இனி அங்க போறதில்ல" என்றாள். அவன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது.

பிளசிதான். "அக்கா, ஒரு பை கொறையுது. காலிப் பையக்கூட நாங்க திருப்பி அனுப்பணும். உங்ககிட்ட இருக்குதா?"

பூவிழி கூடையைப் பார்த்தாள்.

"இருந்தா எடுத்துட்டு வாங்க. அப்படியே டாக்டரும் பாக்கணும்னாரு. குருவோட ரத்த ரிசல்ட் வந்திருக்குது."

மறுநாள் பையை மேசைமேல் வைத்தாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். டாக்டர் பையைப் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"குருவோட உடம்பு மருந்த எதிர்க்குதும்மா. வெளியாள்னு நெனச்சு, வேலை செய்ய விடாமத் தடுத்துடுது. அதான் வயிறு கொறையல."

"வெறும் தண்ணியத்தான் ஏத்துறீங்கன்னு நெனச்சேன்."

"தண்ணின்னா உடம்பு எதுக்கு எதிர்க்கப்போகுது? மருந்து உள்ள போனதாலதான் இப்படி."

மருந்து ஏறியிருக்கிறது என்று அவளுக்கு நிம்மதி வரவேண்டும். வரவில்லை. ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தவரை சண்டை போட ஆள் இருந்தது.

"எந்த மருந்துங்க?"

"சோதனையக் கண்காணிக்கிற குழு குருவோடத மட்டும் தெறந்து சொல்லியிருக்காங்க. வெளிநாட்டு மருந்து."

பூவிழி குருவின் வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்பை அடக்க வேறொரு மருந்து கொடுத்து, சோதனைக்கு வெளியே புது மருந்துக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

"அதையும் எதிர்த்தா?"

"எதிர்க்கலாம். ரத்தம் எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கணும்."

அந்தப் பதில் ஆறுதலாக இல்லை. ஆனால் பொய்யாகவும் படவில்லை. சரியென்றாள். அடுத்த முறை மருந்து ஏற்ற வந்தபோது அனிஷாவிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். அனிஷா நகர்ந்து இடம் விட்டு, "உனக்கு மட்டும் யாரோ சொல்லியிருக்காங்கன்னு நானும் உன்மேல சந்தேகப்பட்டேன்" என்றாள்.

புது மருந்து ஏறத் தொடங்கியபோது பூவிழி சொட்டுகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு ரத்த முடிவையும் பிளசியிடம் ஒருமுறை, டாக்டரிடம் ஒருமுறை கேட்டு ஒத்துப் பார்த்தாள். மழைக்காலம் முடியும்போது டாக்டர் குருவின் வயிற்றை அழுத்திப் பார்த்து, மண்ணீரல் வீக்கம் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது என்றார்.

"நீங்களும் பாருங்க சிஸ்டர்" என்றாள் பூவிழி.

பிளசி சிரிக்காமல் வந்து அழுத்திப் பார்த்தாள். "ஆமாங்க்கா. எறங்கித்தான் இருக்குது."