காலியாக இருந்த பெட்டி

கெலுகோரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் அதிரா ஐந்து வருடமாக வேலை பார்த்தாள். ஜார்ஜ் டவுனில் சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் ஒரு டயாலிசிஸ் நிலையத்தின் இணையச் செயலி அவள் பொறுப்பு. நோயாளிகள் தங்கள் முறை என்றைக்கு என்று அதில்தான் பார்ப்பார்கள். பலர் கைபட்டுப் பத்து வருடம் வளர்ந்த செயலி. அது வெளியே அனுப்பும் எச்டிஎம்எல், அதாவது பக்கத்தை வரையும் குறியீடு, முழுக்கக் குப்பை. ஒரு பகுதியைத் தொடங்கும் குறியான டேக் திறந்திருக்கும், மூடியிருக்காது. பழைய போன்களில் பக்கம் பாதியில் நின்றுவிடும்.

ஒவ்வொரு பக்கமாகத் திருத்த ஆள் இல்லை. அதனால் பக்கம் வெளியே போகுமுன் அதைத் தானாகவே சீராக்கும் ஒரு கருவியைச் சேர்த்தாள். மூடாததை மூடும், தேவையற்றதை நீக்கும். பக்கங்கள் பளிச்சென்று வந்தன. "இத முன்னயே செஞ்சிருக்கலாம்லா," என்றார் முதலாளி சிவநேசன். அவரிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

மூன்றாவது வாரம், திங்கட்கிழமை மதியம் நிலையத்துத் தாதி நூர் ஃபாத்திஹா அழைத்தாள்.

"சனிக்கிழமை மெஷின் ரிப்பேர், அதிரா. அன்னைக்கு உள்ளவங்கள வெள்ளிக்கு மாத்தி அறிவிப்பு போட்டோம். போனும் பண்ணோம். பிச்சைமுத்து அங்கிள் லைன் மட்டும் கிடைக்கல. அறிவிப்பும் வரலையாம். சனிக்கிழமை வந்து, பூட்டின கதவப் பாத்துட்டுத் திரும்பிட்டாரு."

"இப்ப எப்படி இருக்காரு?"

"காலையில தவறிட்டாரு."

அதிரா பக்கத்தின் மூலக் குறியீட்டைத் திறந்து பார்த்தாள். அறிவிப்புப் பெட்டி முதலில் காலியாகத்தான் இருக்கும். செய்தி பிறகு வந்து அதில் நிரம்பும். காலி டேக் குப்பை என்று கருவி அதைத் தூக்கி எறிந்திருந்தது. செய்தி வந்தது, உட்கார இடமில்லை. பிழை என்று எங்கும் ஒரு வரிகூடப் பதிவாகவில்லை. காலியானவற்றை விட்டுவைக்கும்படி அமைப்பை மாற்றினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

சிவநேசனிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லைன் கிடைக்கலன்னா ஆள் அனுப்பிருக்கணும். அது அவங்க வேலை. நீ யார்கிட்டயும் ஒன்னும் பேசாத."

பயனரின் போன் மிகப் பழையது, அதனால்தான் அறிவிப்பு தெரியவில்லை என்று அவரே நிலையத்துக்குப் பதில் எழுதினார்.

புதன்கிழமை அதிரா விடுப்பு எடுத்து, ஃபெரியில் கடலைக் கடந்து அக்கரையில் உள்ள பாகான் டாலாமுக்குப் போனாள். பிச்சைமுத்துவின் மனைவி ருக்குமணி கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். அதிரா தான் யார் என்று சொன்னதும் அவர் தம் போனை எடுத்து நீட்டினார்.

"இதுலதான்மா பாப்பேன். அவருக்கு எழுத்து தெரியாது. வெள்ளிக்கிழமை மூணு தடவ பாத்தேன். என் கண்ணுக்குத் தப்பிருச்சு. பொரை விழுந்த கண்ணு."

"உங்க மேல தப்பு இல்ல ஆன்ட்டி. அறிவிப்பு உங்க போனுக்கு வரவே இல்ல. நான் செஞ்ச வேலையால அது அழிஞ்சிருச்சு."

முடிந்தவரை எளிய சொற்களில் விளக்கினாள். ருக்குமணி பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் மனசு ஆறணும்னு சொல்ற. நீ நல்ல பிள்ள."

"இல்ல ஆன்ட்டி, நெசமாத்தான்."

"சரிம்மா. தண்ணி குடி."

அப்போது துக்கம் கேட்க இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். ருக்குமணி அவர்களுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"கம்ப்யூட்டர் ஆபீஸ்லேருந்து வந்திருக்கு இந்தப் பிள்ள. எனக்காகப் பழியத் தன் மேல போட்டுக்குது, பாவம்," என்றார். பிறகு தம் கண்ணைப் பற்றி அவர்களிடம் சொல்லத் தொடங்கினார்.