கடைக்குட்டியின் பத்தியம்

எங்கள் கம்பெனி கேமரா செய்கிறது. நான் அதைக் கெடுக்கிறேன். மாதச் சம்பளம் அதற்குத்தான்.

சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால், கேட்பவர்களிடம் "சாஃப்ட்வேர் வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். விஷயம் இதுதான். எங்களிடம் மூன்று கேமராக்கள் உண்டு. விலை கூடியதைப் பெரியவன் என்றும், அடுத்ததை நடுவுலான் என்றும், மலிவானதைக் கடைக்குட்டி என்றும் ஆபீஸில் கூப்பிடுவோம். மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். உள்ளே இருக்கிற சிப் ஒன்றே, கண் ஒன்றே, மூளை ஒன்றே. மூன்று விதமாகச் செய்தால் கட்டுப்படியாகாது. ஆனால் மூன்றும் ஒரே மாதிரி வேலை செய்தால் பெரியவனை எவன் வாங்குவான்? ஆகவே நடுவுலானுக்குத் தெரிந்ததில் கொஞ்சத்தையும், கடைக்குட்டிக்குத் தெரிந்ததில் நிறையவும் மறக்கடிக்க வேண்டும். இதற்குப் 'பத்தியம் வைப்பது' என்று பெயர் சூட்டியது என் வாய்க்கொழுப்பு. அது ஒட்டிக்கொண்டு இப்போது ஆபீஸ் முழுக்க நான்தான் பத்தியக்காரி.

பெரியவனின் இடுப்பில் ஹெட்ஃபோன் செருக ஒரு துளை உண்டு. கடைக்குட்டியின் இடுப்பிலும் அதே இடத்தில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். ஆசையாகத் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் சுவர். அச்சு ஒன்று என்பதால் மூடியும் கூடவே வந்துவிட்டது. இந்த மூடி எதற்கு என்று பாவம், யாராவது எழுதிக் கேட்பார்கள். தூசி போகாமலிருக்க என்று பதில் போடுவோம். சுவருக்குள் எந்தத் தூசி போகும் என்று இதுவரை ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை.

எந்தக் கேமராவுக்கு என்ன பத்தியம் என்று முடிவு செய்கிற அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் படிக்கட்டு. "வாங்கறவங்க படிப்படியா ஏறணும்மா. முதல் படியிலயே மொட்டை மாடி தெரிஞ்சுட்டா எவன் மேல வருவான்?" என்று எல்லா மீட்டிங்கிலும் சொல்வார். கெட்ட மனுஷன் இல்லை. பேட்மிண்டன் ஆடுகிற மகள் ஒருத்தி இருக்கிறாள். அவள் பேச்சை எடுத்துவிட்டால் மீட்டிங் அன்றைக்கு அவ்வளவுதான்.

இந்த முறை வந்த கடைக்குட்டி ஒரு தப்பு செய்தான். ரொம்ப நன்றாக இருந்தான். சோதனை அறையில் தண்டவாளம் மாதிரி ஒன்றின்மேல் பொம்மைத் தலை ஒன்று ஓடும். அதன் கண்ணை எந்தக் கேமரா விடாமல் பிடிக்கிறது என்று பார்ப்போம். கடைக்குட்டி பெரியவனுக்கு இணையாகப் பிடித்தான். நாங்கள் கை தட்டினோம். படிக்கட்டின் முகம் செத்துவிட்டது.

"என்னம்மா இது, மணப்பொண்ணைவிடத் தோழிப்பொண்ணு அழகா வந்து நிக்கிறா?"

"நல்லாத்தானே சார் இருக்கு?"

"அதான் பிரச்சினையே. கண்ணைப் பிடிக்கட்டும், வேணாங்கல. கொஞ்சம் யோசிச்சுப் பிடிக்கட்டும்."

யோசிக்க வைத்தேன். முகம் வேகமாக நகர்ந்தால் ஒரு கணம் சும்மா இரு என்று ஒரே ஒரு வரி. அடுத்த ஓட்டத்தில் பொம்மையின் காது பளிச்சென்றும் கண் கலங்கலாகவும் வந்தது. படிக்கட்டு அன்றைக்கு எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு வைத்த கையாலேயே நானும் வாங்கிக் குடித்தேன்.

அதற்குள் என் தங்கை கடைக்குட்டிக்குப் பணம் கட்டியிருந்தாள். அவள் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறவள். "முகவாயை இறக்குங்க, சிரிக்காதீங்க" என்பதைத் தவிர நாள் முழுக்க வேறு பேச்சில்லை. ஓடுகிறவர்களையும் குதிக்கிறவர்களையும் எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பத்தியத்துக்கு முந்தைய கடைக்குட்டியைப் பார்த்த தைரியத்தில், "கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்று சொன்னவள் நான்தான். கேமரா வந்தது, பக்கத்து பேட்மிண்டன் கிளப்பில் எடுத்துப் பழக அனுமதியும் வாங்கினாள்.

ஒரு சனிக்கிழமை காலை லேப்டாப்போடு வந்து என் சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள். படத்துக்குப் படம் மட்டை தெளிவு, வலை தெளிவு, முகம் மட்டும் பனி.

"எப்படி எடுத்தாலும் என் கை கொஞ்சம் பிந்துதுக்கா."

"கேமராவா இருக்குமோ?" என்றேன், கோழை மாதிரி.

"உங்க கம்பெனி கேமராவைக் குறை சொல்லவா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அடுத்த ஞாயிறு ஃபைனல். படம் பிடிச்சிருந்தா வருஷம் முழுக்க நீயே எடுன்னு சொல்லியிருக்காங்க. இல்லன்னா இதை வித்துட்டு மறுபடியும் முகவாயை இறக்கச் சொல்லிக்கிட்டுக் கிடக்கவேண்டியதுதான்."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் நீட்டி, நடுங்குகிறதா என்று தானே பார்த்தாள். கூடம் கோணல்தான். கோணலாக்கியவளே எதிரில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிறவளுக்கு வேறு என்ன வாயில் வரும்?

"கேமராவை வச்சிட்டுப் போ. உள்ளே தூசி இருக்கும். துடைச்சுத் தர்றேன்" என்றேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் அந்த ஒரு வரியைத் தூக்கிவிட்டு அவள் கேமராவில் ஏற்றினேன். ஊரிலேயே பத்தியமில்லாத ஒரே கடைக்குட்டி என் கைப்பைக்குள் வீடு வந்து சேர்ந்தான்.

ஃபைனலுக்கு நானும் போனேன். ஆட்டக்காரிகளில் ஒருத்தி படிக்கட்டின் மகள் என்பதே அங்கே போய்த்தான் தெரிந்தது. அவர் முன்வரிசையில் கழுத்தில் பெரியவனை மாட்டிக்கொண்டு நின்றார். பெரியவனுக்கு ஒரு பத்தியமும் கிடையாது, எல்லாம் தெரியும். அதைப் பிடித்திருந்தவருக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. மகள் குதித்தபோதெல்லாம் கத்தினாரே தவிர, அமுக்க மறந்துவிட்டார். என் தங்கை மூலையில் மண்டி போட்டிருந்தாள். முதல் சில படங்களைத் திரையில் பார்த்தவளின் இறுகிய தோள்கள் நிம்மதியில் தளர்ந்தன. அப்புறம் அவள் திரையைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் மீட்டிங்கில் படிக்கட்டு விளக்கை அணைத்து கிளப் அனுப்பிய ஒரு படத்தைச் சுவரில் காட்டினார். மகள் தரைக்கு மேலே இருக்கிறாள். நெற்றியில் வியர்வை, கண்ணில் வெறி. அந்தக் கண்ணின் இமைமுடியை எண்ணலாம்.

"தோத்துட்டா. ஆனா இது தோக்கிற முகமா?" அவர் குரல் உடைந்தது. "பெத்த பொண்ணை இப்படி நான் பார்த்ததே இல்லம்மா."

எனக்கும் கண் கலங்கியது. என் தங்கை எடுத்த படம் அல்லவா? பெருமையில் ஊதிப்போய் உட்கார்ந்திருந்தேன். அப்போது அவர் இன்னொரு பொத்தானை அமுக்கினார். படத்தின் கீழே, எடுத்த கேமராவின் பெயர் வந்து நின்றது.

ஒவ்வொரு படமும் தன்னை எடுத்த கேமராவின் பெயரை உள்ளே சுமந்துகொண்டு போகும். கேமராவை அப்படி எழுதவைக்கிற வேலை என் பக்கத்து நாற்காலிக்காரனுடையது. வருஷக்கணக்காக அவனோடு சேர்ந்து சாப்பிடுகிறேன். அது என் நினைவுக்கே வரவில்லை.

"கடைக்குட்டி! யோசின்னு சொன்னோம், எங்க யோசிச்சான்? பொம்மையை வச்சு நம்மளையே ஏமாத்தியிருக்கான்." கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பத்தியம் பத்தலம்மா. கூட்டு. வித்துட்ட கேமராவுக்கும் சேர்த்து வெள்ளிக்கிழமை அப்டேட் போகணும்."

"என்னன்னு சொல்லி சார் அனுப்பறது?"

"மேம்பாடுன்னு போடு."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு என் மடியிலேயே உட்கார்ந்திருந்தது. உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் ஊரில் இருக்கிற கடைக்குட்டிகள் எல்லாம் இன்னும் கொஞ்சம் குருடாகும். நோட்டில் 'மேம்பாடு' என்று எழுதிக்கொண்டேன்.

"எடுத்த பொண்ணுக்கு கிளப்ல வருஷ வேலை உறுதி" என்று முடித்தார் படிக்கட்டு. "நானே போன் பண்ணிப் பெரியவனை வாங்கிக்கம்மான்னு சொன்னேன். இந்தக் கைக்கு அது கிடைச்சா எங்கேயோ போயிடுவா!"

இருக்கைக்கு வந்து அந்த ஒரு வரி இருக்கிற ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். தங்கை போன் செய்தாள்.

"வேலை கிடைச்சிடுச்சுக்கா."

"தெரியும்டி. சந்தோஷம்."

"ஃபைனல்ல என் பக்கத்துல இன்னொரு பொண்ணு எடுத்துக்கிட்டிருந்தா. அதே கேமரா. அவ படத்துலயும் முகமெல்லாம் பனி. தன் கையைத்தான் திட்டிக்கிட்டிருந்தா. நானும் இத்தனை நாள் என் கையைத்தானேக்கா திட்டினேன்?"

என் தங்கை முட்டாள் இல்லை.

"நீ என் கேமராவுல துடைச்சியே ஒரு தூசி, அதே தூசி அவளோடதுலயும் இருக்கு. துடைச்சுத் தர்றியா?"

எதிரே திரையில் அந்த ஒரு வரி மினுக்கிக்கொண்டிருந்தது.

"உன்னுதுல எந்த அப்டேட்டும் போட்டுடாதே" என்றேன். "அவளை வெள்ளிக்கிழமைக்குள்ள வரச் சொல்லு. அப்புறம் தூசி ஜாஸ்தியாயிடும்."